கணக்குப் பார்க்க ஆள் எடுக்கிறீர்களா? விளம்பரம் முதல் நியமனக் கடிதம் வரை முழுமையான வழிகாட்டி

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் பம்ப், மோட்டார், காஸ்டிங் செய்யும் சிறு கம்பெனிகளில் ஆள் எடுப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. கணக்குப் பார்த்தவர் மாசக் கடைசியில் வந்து "வேற இடம் கிடைச்சிருக்கு சார்" என்பார். முதலாளி உடனே ஆடிட்டருக்கு ஒரு போன் போடுவார், ரெண்டு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவார். நாலு பேர் வருவார்கள். எந்த ஊர், அப்பா என்ன பண்றார், டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) தெரியுமா, எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க என்று ஆளுக்குக் கால் மணி நேரம் பேச்சு ஓடும். பளிச்சென்று பேசியவருக்கு வேலை. மூன்று மாதம் கழித்து 2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒத்துப்போகவில்லை, இன்புட் கிரெடிட் (வாங்கியபோது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) தொங்குகிறது, ஆடிட்டர் சத்தம் போடுகிறார் என்று வரும்போதுதான், பேச்சில் கெட்டிக்காரர் கணக்கில் அப்படி இல்லை என்று தெரியவரும்.

மாதம் 18,000 முதல் 30,000 ரூபாய் சம்பளத்தில் அக்கவுண்ட்ஸ் ஆள் தேடும் சிறு, நடுத்தர கம்பெனிக்காரர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஸ்டோர் கீப்பர், கொள்முதல் பார்ப்பவர், டிஸ்பாட்ச் பார்ப்பவர் என யாரை எடுத்தாலும் முறை இதேதான். வைக்கும் தேர்வு மட்டும் மாறும். வேலை தேடுபவர்கள் படித்தாலும் நஷ்டமில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால், இந்தப் பக்கம் உட்காருபவருக்கும் வேலை சுலபம்.

"பேசிப் பார்த்தாலே ஆள் தெரிஞ்சிடும்" என்பது தொழில் செய்பவர்களில் பலருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஆய்வுகள் சொல்வது வேறு. 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், ஆள் தேர்வைப் பற்றி 85 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். 2022இல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கை இன்னும் கறாராகப் போட்டுப் பார்த்தார்கள். தேர்வில் கொடுத்த மதிப்பெண்ணும், சேர்ந்த பிறகு வேலையில் காட்டிய திறமையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் கணக்கு. 0 என்றால் சம்பந்தமே இல்லை. 1 என்றால் அச்சு அசலாகப் பொருந்துகிறது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் இன்டர்வியூவுக்கு 0.42 வந்தது. வேலை அறிவைச் சோதிக்கும் தேர்வுக்கு 0.40, வேலையில் ஒரு பகுதியையே செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு 0.33. அந்த நேரத்தில் தோன்றியதைக் கேட்கும் வழக்கமான இன்டர்வியூவுக்கு வெறும் 0.19. எத்தனை வருட அனுபவம் என்ற எண்ணுக்கோ 0.07.

கடைசி எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். "குறைந்தது 5 வருட அனுபவம்" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறோமே, அது ஆளைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. 0.42 கூட அப்படியொன்றும் பெரிய எண் இல்லைதான். அதனால்தான் ஒரே முறையை நம்பாமல் ரெண்டு மூன்றைச் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

படி 1: வேலையை எழுதுங்கள், ஆளை அப்புறம் தேடலாம்

போகிற ஆள் போவதற்கு முன் அவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். மாதத்தின் 1ஆம் தேதியிலிருந்து அவர் என்னென்ன செய்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கம்பெனி என்றால் பட்டியல் ஏறத்தாழ இப்படி வரும்: 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்டுவது, 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 14ஆம் தேதி 2பி வந்ததும் கொள்முதல் பில்களோடு ஒப்பிடுவது, 15க்குள் பிஎஃப், இஎஸ்ஐ, 20க்குள் 3பி (மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன்). இவற்றுக்கு நடுவே தினசரி பில் என்ட்ரி, பேங்க் ஒப்பீடு, ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கொடுத்து வேலை செய்து வாங்க) போகும் காஸ்டிங்குகளுக்கு டெலிவரி சலான், இ-வே பில் (சரக்கோடு போகும் ஆன்லைன் ஜிஎஸ்டி சீட்டு), பார்ட்டிகளிடம் பாக்கி கேட்டு போன்.

இந்தப் பட்டியலை ரெண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது எது, வந்த பிறகு நாம் சொல்லிக்கொடுக்கக்கூடியது எது? டேலியில் என்ட்ரி போடுவதும், எந்த பில்லுக்கு எந்த வரி என்று தெரிவதும் முதல் வகை. இ-வே பில் போடுவதை ரெண்டு நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். உங்கள் கம்பெனியின் ஜாப் ஒர்க் சலான் முறை வெளியாள் யாருக்கும் தெரிந்திருக்காது, அதைக் கேட்டுப் பயனில்லை. இப்படிப் பிரித்தால் கட்டாயத் தகுதிகள் நாலோ ஐந்தோதான் மிஞ்சும். இனி செய்யப்போகும் எல்லாமே அந்த நாலைந்தைச் சோதிக்கத்தான்.

படி 2: விளம்பரம்

"அக்கவுண்டன்ட் தேவை. பி.காம்., பெண்கள் மட்டும், வயது 25 முதல் 35, தகுந்த சம்பளம்." இந்த நாலே விஷயத்தில் மூன்று கோளாறு.

"பெண்கள் மட்டும்" என்பது ஆண்கள் அதே சம்பளத்துக்கு வரமாட்டார்கள் என்ற கணக்கில் போடுவது, எல்லோருக்கும் தெரியும். ஆள் எடுப்பதில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. அதன் இடத்துக்கு வந்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. வயது வரம்புக்கு இந்த வேலையில் ஒரு காரணமும் இல்லை. "தகுந்த சம்பளம்" என்று போட்டால் 40,000 எதிர்பார்ப்பவரும் வருவார், 12,000 எதிர்பார்ப்பவரும் வருவார், உங்கள் நேரம்தான் போகும். "20,000 முதல் 24,000 வரை, விதிப்படி பிஎஃப், இஎஸ்ஐ உண்டு" என்று போட்டுவிடுங்கள். வேலை நேரம், சனிக்கிழமை உண்டா, எந்த ஏரியா, பஸ் வசதி எப்படி என்பதையும் சேருங்கள்.

எங்கே போடுவது? ஆடிட்டர், வாட்ஸ்அப் குழு, நவுக்ரி மாதிரியான இணையதளங்கள் எல்லாம் சரிதான். பலர் மறந்துவிடுவது அரசின் தமிழ்நாடு தனியார் வேலை இணையத்தையும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் முகாம்களையும். தெரிந்தவர் சொல்லி வருபவரையும் தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் சிபாரிசு கேட் வரைக்கும்தான். உள்ளே வந்துவிட்டால் அவருக்கும் மற்றவர்களுக்கு வைக்கும் அதே தேர்வு. இதைச் சிபாரிசு செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனவருத்தம் வராது.

படி 3: பயோடேட்டா கழிப்பது

40 பயோடேட்டா வந்தால் 8 ஆக்க வேண்டும். படி 1இல் எழுதிய கட்டாயத் தகுதிகளை ஒரு தாளில் மேலே எழுதி, ஒவ்வொரு பயோடேட்டாவுக்கும் டிக் அல்லது இன்ட்டு போடுங்கள். டிக்கும் இன்ட்டும் போதும், இங்கே மதிப்பெண் எல்லாம் வேண்டாம். இப்போது வருகிற பயோடேட்டாக்களில் பாதி சாட்ஜிபிடி எழுதிக்கொடுத்தவை. "விடாமுயற்சியும் குழு மனப்பான்மையும் கொண்டவர்" என்று எல்லோருமே இருக்கிறார்கள். அதனால் வர்ணனையைப் படிக்காமல், எங்கே, எப்போது, என்ன வேலை என்பதை மட்டும் பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2007இல் சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியச் செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர்களுக்குக் கிடைத்த அளவு அழைப்பு தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் கிடைக்கவில்லை. படிப்பு ஒன்றே, தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு.

நம்மூரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே என்பார்கள். போடுவதில்லைதான். ஆனால் சொந்த ஊர், தெரு, அப்பா பெயர், படித்த பள்ளி என்று எதையாவது வைத்துக் கண்டுபிடிக்கும் வித்தை நமக்குக் கைவந்தது. பழைய கம்பெனிகள் பலவற்றில் அச்சடித்து வைத்திருக்கும் விண்ணப்பப் படிவத்தில் "மதம், இனம்" என்ற கட்டம் இன்னும் இருக்கிறது. அந்தப் படிவத்தைத் தூக்கிப் போடுங்கள். ஆபீஸில் இன்னொருவர் இருந்தால் பெயர், ஊர், போட்டோ மூன்றையும் மறைத்து நம்பர் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் நம்பரை மட்டும் பார்த்து டிக் போடுங்கள். பிறந்த தேதி வாங்கி ராசி பார்த்து ஆள் எடுக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது.

நடுவில் மூன்று, நாலு வருடம் வேலை இல்லாமல் இருந்தவர்களை அதற்காகக் கழிக்காதீர்கள். குழந்தை பிறந்ததால் வேலையை விட்ட பெண்களே இதில் அதிகம். விட்டுப்போனது மறந்துவிட்டதா இல்லையா என்பது அடுத்த தேர்வில் தெரிந்துவிடப் போகிறது.

படி 4: ஒரு போன்

ஆளுக்கு 10 நிமிடம். சம்பளம் ஒத்துவருமா, எப்போது சேர முடியும், எங்கிருந்து வருவார், தற்போது என்ன வேலை செய்கிறார். பொள்ளாச்சியிலிருந்து கணபதிக்குத் தினமும் வந்துபோவது நடக்கிற காரியமா என்று அவரையே கேளுங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். தேர்வு ஒன்று இருக்கும், ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். "தேர்வெல்லாம் எழுதணுமா?" என்று இங்கேயே ரெண்டு பேர் கழன்றுகொள்வார்கள்.

படி 5: வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கணக்கு வேலையில் இந்தத் தேர்வு, வேலை அறிவையும் கைத்திறனையும் ஒருங்கே காட்டிவிடும்.

முதலில் பொட்டலத்தைத் தயார் செய்யுங்கள். ஒரு தடவை செய்தால் வருடக்கணக்கில் உதவும். 12 கொள்முதல் பில், 5 விற்பனை பில், ஒரு பக்க பேங்க் ஸ்டேட்மென்ட், ஒரு பார்ட்டியின் லெட்ஜர் பிரிண்ட். எல்லாம் கற்பனைப் பெயர்களில் இருக்கட்டும். உங்கள் உண்மையான பார்ட்டிகளின் பில்லை வெளியாளிடம் கொடுக்காதீர்கள். டேலியில் ஒரு டம்மி கம்பெனி உருவாக்குங்கள். லைசென்ஸ் உள்ள கணினியில் செய்வது நல்லது. லைசென்ஸ் இல்லாமல் ஓடும் எஜுகேஷனல் மோடில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் என்ட்ரி விழும், வந்தவர் தேதி ஏறவில்லை என்று திணறிக்கொண்டிருப்பார்.

அப்புறம் பொட்டலத்துக்குள் கண்ணிகளை வையுங்கள். நான் வழக்கமாக வைப்பவை இவை.

ஒன்று, பெங்களூர் சப்ளையரின் பில். சரக்கு கோவைக்கு வந்திருக்கிறது. ஜிஎஸ்டி எண் 29 என்று ஆரம்பிக்கிறது. அது கர்நாடகா, நம்முடையது 33. ஆக மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஐஜிஎஸ்டி வர வேண்டும். ஆனால் பில்லில், ஒரே மாநிலத்துக்குள் விற்றால் போடும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று 9, 9 சதவீதமாகப் பிரித்துப் போட்டிருக்கும். அப்படியே என்ட்ரி போட்டுவிட்டால் அந்த வரியை இன்புட்டாக எடுக்க முடியாது.

இரண்டு, கூட்டல் பிழை. பொருளின் மதிப்பு 18,400, வரி 18 சதவீதம் 3,312, மொத்தம் 21,712 என்று இருக்க வேண்டும். பில்லில் 21,172 என்று அச்சாகியிருக்கும். வித்தியாசம் 540. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கலாம் என்று பழைய கணக்குப்பிள்ளைகள் ஒரு பார்வையில் சொல்வார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாவிட்டால் பரவாயில்லை, கூட்டல் சரியில்லை என்று கண்டுபிடித்தால் போதும்.

மூன்று, ஒரே பில் ரெண்டு தடவை. ஒன்று ஒரிஜினல், இன்னொன்று வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்த பிரிண்ட். நான்கு, ஒரு ஹோட்டல் சாப்பாட்டு பில். அதிலுள்ள வரியை, எடுக்கக் கூடாது என்று தெரியாமல், இன்புட் எடுக்கிறாரா என்று பார்க்க. ஐந்து, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் 590 ரூபாய் வங்கிக் கட்டணம். 500க்கு மேல் 90 வரி. அது நம் லெட்ஜரில் இருக்காது.

நேரம் ஒண்ணே கால் மணி. சந்தேகம் வந்தால் கேட்கலாம், ஒரு தாளில் குறித்தும் வைக்கலாம் என்று ஆரம்பத்திலேயே எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். பிறகு அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் முதலாளி நின்றால் தெரிந்ததும் மறந்துபோகும்.

ஒரு காஸ்டிங் கம்பெனியில் இந்தத் தேர்வை வைத்தபோது எட்டு வருட அனுபவசாலி ஒருவர் 17 பில்லையும் அரை மணி நேரத்தில் போட்டு முடித்தார். தட்டச்சு வேகம் பார்க்க அழகாக இருந்தது. பெங்களூர் பில்லும் அப்படியே உள்ளே போயிருந்தது, ரெட்டை பில் ரெண்டு தடவையும் ஏறியிருந்தது. அதே நாளில் வந்த பெண் ஒருவர், சின்ன ஆடிட்டர் ஆபீஸில் ஒன்றரை வருடம் இருந்தவர், 13 பில்தான் முடித்திருந்தார். ஆனால் மூன்று பில்களைத் தனியாக எடுத்து கிளிப் போட்டு வைத்திருந்தார். பெங்களூர் பில்லின் ஓரத்தில் பென்சிலால் "29, ஐஜிஎஸ்டி வரணும், பார்ட்டிகிட்ட கேட்டு மாத்தி வாங்கணும்" என்று எழுதியிருந்தார். பயோடேட்டாவை மட்டும் வைத்திருந்தால் அந்தப் பெண்ணை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

மதிப்பெண்ணை முன்பே பிரித்து வையுங்கள். 20க்கு என்றால், போட்ட என்ட்ரி சரியாக இருப்பதற்கு 8, கண்ணிகளைக் கண்டுபிடித்ததற்கு 8, சந்தேகத்தைக் கேட்டதற்கு அல்லது குறித்து வைத்ததற்கு 4. வேகத்துக்கு நான் மதிப்பெண் வைப்பதில்லை. வேகம் ரெண்டு மாதத்தில் தானாக வரும். சந்தேகப்படும் பழக்கம் அப்படி வராது. வேறு சிலர் வேகத்துக்கும் 2 மதிப்பெண் வைக்கிறார்கள், பில் குவியும் இடமென்றால் அதிலும் நியாயம் உண்டு.

வெளி மாநிலப் பார்ட்டிகளுக்கு மெயில் போடும் வேலை இருந்தால், அந்தத் தப்பான பில்லைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி மெயில் ஒன்று எழுதச் சொல்லுங்கள். போனில் சாட்ஜிபிடி பார்த்து எழுதினால்? எழுதட்டும். நாளைக்கு ஆபீஸிலும் அப்படித்தான் எழுதப்போகிறார். எழுதியதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் விளக்கச் சொல்லிப் பாருங்கள், அது போதும். அந்த மாதிரி வேலையே இல்லாதபோது ஆங்கிலத்தை வைத்து ஆளை எடைபோடாதீர்கள்.

தேர்வு என்ற பெயரில் உண்மையான வேலையை வாங்குவது அசிங்கம். தேங்கிப்போன மூன்று மாத என்ட்ரியை, இன்டர்வியூவுக்கு வந்தவர்களை வைத்தே முடித்த கம்பெனி ஒன்றைப் பற்றி எனக்குத் தெரியும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல் யாரையாவது உட்கார வைத்தால் பஸ் காசோடு ஒரு தொகையும் கொடுத்து அனுப்புங்கள்.

படி 6: இன்டர்வியூ

தேர்வில் முதல் நாலு பேரை மட்டும் கூப்பிடுங்கள். தனியாக உட்காராதீர்கள், இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு தெரிந்தவர் என்றால் நல்லது. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒருவரை அழைக்கலாம். கேள்விகள் ஆறு. எல்லோருக்கும் அதே ஆறு, அதே வரிசையில். துணைக் கேள்வி கேட்கலாம், புதிய கேள்விக்குத் தாவக் கூடாது.

கேள்விகள் ரெண்டு விதம். முன்பு நடந்ததைக் கேட்பது ஒன்று: "ஒரு பார்ட்டி சொன்ன பாக்கியும் உங்க லெட்ஜரும் ஒத்துப்போகாம கடைசியா எப்ப நடந்துச்சு? என்ன பண்ணீங்க?" இப்படி நடந்தால் என்று கேட்பது இன்னொன்று: "20ஆம் தேதி சாயங்காலம் 3பி போட உட்கார்றீங்க. பெரிய சப்ளையர் ஒருத்தர் இன்னும் ஜிஎஸ்டிஆர்-1 போடல, அவர் பில் 2பியில வரல. முதலாளி ஊர்ல இல்ல. என்ன செய்வீங்க?"

ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன 3பி கேள்விக்கு நான் எழுதி வைத்திருப்பது: "பில் கையில இருக்கே, இன்புட் எடுத்துடுவேன்" என்றால் 1. "அந்த பில்லை விட்டுட்டு மத்ததை வெச்சுப் போடுவேன், அடுத்த மாசம் எடுத்துக்கலாம்" என்றால் 3. அதோடு "14ஆம் தேதியே 2பி பார்த்திருப்பேன், சப்ளையருக்கு அப்பவே போன் போயிருக்கும், முதலாளிக்கும் இவ்வளவு பணம் கூடக் கட்ட வேண்டியிருக்குன்னு மெசேஜ் போட்டுடுவேன்" என்றால் 5. இப்படி எழுதி வைத்துவிட்டால் யார் சிரித்த முகமாகச் சொன்னார், யார் தயங்கித் தயங்கிச் சொன்னார் என்பது மதிப்பெண்ணுக்குள் புகாது.

நேர்மையைச் சோதிக்க ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். "மார்ச் 31 பில்லை ஏப்ரல் தேதிக்கு மாத்திப் போடுன்னு முதலாளியே சொன்னா?" என்று கேட்டுப் பாருங்கள். "நீங்க சொன்னா செய்வேன் சார்" என்ற பதில் காதுக்கு இனிமையாக இருக்கும். உங்களுக்காகத் தேதியை மாற்றுபவர் தனக்காகவும் மாற்றுவார்.

கேட்கவே கூடாதவை: கல்யாணம் எப்போது, குழந்தை உண்டா, அடுத்த குழந்தை எப்போது, என்ன ஆளுங்க, எந்தக் கோயிலுக்குக் குடிப்பாட்டு. "சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன்" என்பார்கள். பேச்சுவாக்கில் வந்த பதில்தான் முடிவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மூளையைக் குடையும் புதிர்களும் வேண்டாம். அந்தப் பழக்கத்துக்குப் பேர்போன கூகுளிலேயே அப்போது ஆள் தேர்வுக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ பாக், அவை முழு நேர விரயம் என்று 2013இல் பேட்டியில் சொல்லிவிட்டார்.

ஒருவர் வெளியே போனதும் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். முதலாளி "பையன் நல்லாத்தான் பேசுறான், இல்ல?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் 2 போட நினைத்த இடத்தில் 4 போட்டுவிடுவார். போட்ட பிறகு ஒப்பிடுங்கள். ஒரே பதிலுக்கு ஒருவர் 1, மற்றவர் 5 என்றால் அந்தக் கேள்வியை மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் வந்தவருக்கு. அவர் கேட்கட்டும். முந்தைய ஆள் ஏன் போனார் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

படி 7: சரிபார்ப்பது

முதல் இரண்டு பேருக்கு மட்டும் போதும். முன்பு பிஎஃப் இருந்த இடத்தில் வேலை செய்திருந்தால் அவரது யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று இருக்கும். அவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள், பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள். சின்னக் கம்பெனிகள் பலவற்றில் பிஎஃப் இருக்காது. அதனால் அங்கே பெயர் இல்லை என்பதாலேயே பொய் சொல்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், ரிலீவிங் லெட்டர் என்று வேறு வழிகள் இருக்கின்றன.

பழைய கம்பெனிக்கு போன் செய்வதானால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு மட்டும் போன் போடவே கூடாது. இங்கே வேலை கிடைக்குமுன் அங்கே வேலை போய்விடும். "ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்ல பையன்தான்" என்பார்கள். "இதே வேலைக்கு மறுபடி வந்தா எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். பதிலுக்கு முன்னால் விழும் மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் கையாளும் வேலை என்றால் காவல்துறைச் சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் விண்ணப்பிக்கலாம். மருத்துவப் பரிசோதனை கேட்பதானால் ஒரு எச்சரிக்கை: வேலைக்கு நிபந்தனையாக எச்ஐவி பரிசோதனை கேட்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. ஆள் ஓடிவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது. பார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள், நகல் போதும். ஓட நினைப்பவர் சர்டிபிகேட்டுக்காக மனமில்லாமல் உட்கார்ந்து உங்கள் கணக்கை எழுதுவது இன்னும் ஆபத்து.

படி 8: முடிவு

தேர்வு மதிப்பெண்ணையும் இன்டர்வியூ மதிப்பெண்ணையும் சதவீதமாக்கிக் கூட்டுங்கள். என் கணக்கில் தேர்வுக்கும் இன்டர்வியூவுக்கும் சம பங்கு. தேர்வில் பாதிக்குக் கீழே எடுத்தவர் பேச்சில் எவ்வளவு எடுத்தாலும் வேண்டாம் என்று ஒரு கோட்டை முதலிலேயே கிழித்துவிடுங்கள். கூட்டினால் முதலில் வருபவர் ஒருவர், மனசு இழுப்பது இன்னொருவர் பக்கம் என்று நிச்சயம் ஒரு நாள் வரும். மாற்றி எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஏன் மாற்றுகிறேன் என்று ரெண்டு வரி எழுதி ஃபைலில் வையுங்கள். எழுத உட்கார்ந்தால் "நம்ம ஊர்ப் பையன்" என்பதைத் தவிரக் காரணம் எதுவும் பேனாவில் வராது பல சமயம்.

யாருமே கோட்டைத் தாண்டவில்லையா? மறுபடி விளம்பரம் போடுங்கள். அதுவரை ரிட்டர்ன் வேலையை மட்டும் ஆடிட்டர் ஆபீஸில் காசு கொடுத்துச் செய்துகொள்வது, தப்பான ஆளை எடுத்துவிட்டு அவர் போட்டதைத் திருத்துவதைவிட மலிவு.

படி 9: கடிதம், அதற்குப் பிறகு

போனில் சொன்ன அன்றே எழுத்திலும் கொடுங்கள். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகு நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். மொத்தச் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு, தகுதிகாண் காலம் எத்தனை மாதம், விலகுவதானால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் எல்லாம் அதில் இருக்கட்டும். இவர் சேர்ந்து ஒரு வாரம் ஆகும்வரை இரண்டாவது ஆளிடம் "இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். "இன்னும் ஒரு வாரத்தில் சொல்கிறோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு அன்றே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள். தேர்வு எழுத அரை நாள் லீவு போட்டு வந்தவர்கள் அவர்கள். எடுக்காதவர்களின் ஆதார் நகல், பயோடேட்டா எல்லாவற்றையும் மேஜையில் குவித்து வைக்காமல் வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள், போனில் இருப்பதையும் அழித்துவிடுங்கள்.

மதிப்பெண் தாள்களை மட்டும் வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து, சேர்ந்தவர் உண்மையில் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்து அந்தத் தாளை எடுத்து ஒப்பிடுங்கள். வந்தவர்கள் எல்லோருமே 5க்கு 5 வாங்கிய கேள்வி இருந்தால் அது யாரையும் பிரித்துக் காட்டவில்லை, எடுத்துவிட்டு வேறு போடுங்கள். தேர்வுப் பொட்டலத்தில் வரி விகிதங்களையும் ஒவ்வொரு தடவையும் சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறிவிட்டன, பழைய 12 சதவீத பில் ஒன்று உள்ளே கிடந்தால் நல்ல ஆள் அதையும் கண்ணி என்று நினைத்துத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்.